விசிறிக் கயிற்றின் மறுமுனை

பிரெஞ்சு நிர்வாகி குடியிருந்த மாளிகையின் பின்தாழ்வாரத்தில் மாலை வெயிலும் சுண்ணாம்பு வாடையும் நிறைந்திருக்கின்றன. மாளிகையைப் புதுப்பித்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள்; நாளை திறப்பு விழா. உள்ளே, துரை உறங்கிய கட்டிலுக்கு மேல் புதுத்துணி தைத்த தொங்குவிசிறி கடற்காற்றில் லேசாக அசைகிறது. அதன் கயிறு சுவர்த் துளை வழியே தாழ்வாரத்துக்கு வருகிறது. துளைக்குப் பித்தளை வளையம் போட்டிருக்கிறார்கள், பளபளக்கிறது. அதற்குக் கீழே, தரையில் உட்கார்ந்து இரவெல்லாம் கயிறு இழுத்தவர்களின் தலையும் முதுகும் உரசி உரசி ஏறிய எண்ணெய்க் கறை. வெள்ளையடிக்கும் வைத்தியலிங்கம் மூன்று பூச்சு அடித்துவிட்டார். மூன்றாவதும் காய்ந்த பிறகு, கறை பழுப்பாக மேலே வந்து நிற்கிறது.

“சுரண்டிட்டுப் பூசிடுங்கண்ணே. போட்டோவுல அசிங்கமாத் தெரியும்” என்கிறார் பொறியாளர் முத்தமிழ். பாதுகாக்க வேண்டியவை என்று அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. கட்டில், விசிறி, கயிறு, துளை எல்லாம் அதில் உண்டு.

“சுரண்டுனாலும் வரும் மேடம். செங்கல்லு வரைக்கும் குடிச்சிருக்கு.”

பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி வைத்தியலிங்கம் தரையில் உட்கார்கிறார். காலையிலிருந்து நின்ற உடம்பு. முதுகு தானாகச் சுவரைத் தேடுகிறது. அவருடைய பின்தலையும் தோள்களும் அளவெடுத்தது போல அந்தக் கறைக்குள் அடங்குகின்றன.

பட்டியலிலிருந்து நிமிர்ந்து பார்த்த முத்தமிழ் மரியாதையாகத்தான் சொல்கிறார்: “சுவத்துல சாயாதீங்கண்ணே. கறையாயிடும்.”