வயிற்றில் தெரியும் பால்

பிற்பகல் வெயில் யன்னலால் சரிந்து ஆய்வுகூட மேசையில் விழுகிறது. யுத்தத்தில் மின்சாரம் நின்று ஒரு வருடம். டொக்டர் தேவமலர் வெட்டித் தைப்பதெல்லாம் இந்த வெளிச்சத்தில்தான். பிறந்து இரண்டே நாளான எலிக்குஞ்சு, உரித்த இறாலைப்போல, கடைசித் தையலோடு பஞ்சில் கிடக்கிறது. நீர் கலந்து ஐதாக்கிய விறைப்பு மருந்தில் ஒரு சொட்டைக் காயத்தின் ஓரத்தில் விடுகிறார். “மனுசருக்கே தட்டுப்பாடான மருந்து, பஞ்சலிங்கண்ணை.” எலிகளைப் பராமரிக்கும் பஞ்சலிங்கம் குஞ்சைப் பார்த்தபடி தலையசைக்கிறார். “ஓம் டொக்டர். ஆனா நோ இருந்தா உவர் பால் குடிக்கமாட்டார்.” சத்திரசிகிச்சை நாட்களில் பஞ்சலிங்கம் சவர்க்காரம் போடுவதில்லை, திருநீறும் பூசுவதில்லை. வேற்று வாசம் பட்ட குஞ்சைத் தாய் எலி ஒதுக்கிவிடும், சிலவேளை தின்றும்விடும். கூட்டின் மரத்தூளில் உள்ளங்கைகளைத் தேய்த்து, குஞ்சை அவற்றுக்குள் பொத்திக்கொள்கிறார். வெளிறிய தோலில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறுகிறது. பிறகு அதைத் தாயின் அருகே வைக்கிறார். தாய் மூக்கிலிருந்து தையல்வரை மோந்து பார்க்கிறது, தையலில் நிற்கிறது. எங்கோ ஹெலி சுற்றும் சத்தம் கேட்கிறது, இருவரும் நிமிரவில்லை. தாய் குஞ்சை ஒருதரம் நக்கி, தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொள்கிறது. வெயில் மேசையை விட்டு இறங்கும்வரை பஞ்சலிங்கம் குந்தியிருந்தே காத்திருக்கிறார். பிறகு தாயை ஒரு விரலால் மெல்ல விலக்குகிறார். குஞ்சின் கண்ணாடிபோன்ற வயிற்றுத் தோலுக்குள் வெள்ளையாகப் பால் தெரிகிறது. “குடிச்சிட்டார்,” என்கிறார். சேட்டுப் பொக்கற்றிலிருந்து மடித்த கடதாசியை எடுத்துப் பிரித்து, காலையிலிருந்து வெறுமையாயிருந்த நெற்றியில் திருநீறு பூசுகிறார்.