பின் அச்சருகே ஒரு டர்போ

ஒரு டீசல் லாரியின் முன்பக்கம் இடம் போதவில்லை என்று, இன்ஜின் விடும் சூடான புகையில் சுழன்று அதற்கே காற்றை அழுத்திக் கொடுக்கும் டர்போவைப் பின் அச்சருகே கட்டித் தொங்கவிட்டார்கள். அதற்கு எண்ணெய் இன்ஜினிலிருந்துதான் நீளக் குழாயில் வர வேண்டும். சூடாகச் சுழலும்போது இன்ஜினை அணைத்துவிட்டால் எண்ணெய் நின்றுபோகும், தண்டு கருகிவிடும். அந்தப் பயம் டர்போவை முதல் நாளே பிடித்துக்கொண்டது.

மலைச்சாலை தொடங்கியது.

"தம்பி, டிரைவர் எங்கேயாவது நிறுத்திடுவாரா?" என்று, எண்ணெயை இன்ஜினுக்குத் திருப்பி அனுப்பும் சின்ன பம்ப்பைக் கேட்டது டர்போ.

"இப்பதானே ஏறுறோம். எண்ணெய் வருதில்ல? சுத்துங்கண்ணே."

"டீக்கடையைப் பார்த்தா சாவியைத் திருப்பிடுவாரே."

"நமக்குத் தெரியறது சக்கரம் மட்டும்தான். அதுல டீக்கடை எங்க வந்துச்சு?"

டர்போ சமாதானமாகவில்லை. சூடேறாமல் இருந்தால் எப்போது நின்றாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று, மூச்சை அடக்கிப் பாதி வேகத்திலேயே சுழன்றது.

வளைவில் இன்ஜின் திணறியது. "யப்பா பின்னால, காத்து பத்தலை."

"தர்றேன், தர்றேன்" என்றது டர்போ, தராமல்.

காற்றுக் குறைந்த இன்ஜின் கரும்புகை கக்கியது. அந்தப் புகை வழக்கத்தைவிடக் கொதிப்பாக, நேரே டர்போவுக்குள் வந்து இறங்கியது.

"அண்ணே, சக்கரம் மெதுவாகுது. டிரைவர் கண்ணாடியில புகையைப் பார்த்துட்டார்போல. இப்பவாவது முழுசா..."

லாரி ஓரங்கட்டியது. சாவி திரும்பியது. பம்ப் பாதிப் பேச்சில் நின்றது. டர்போ மட்டும் செக்கச்செவேலென்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.