ஒரு 'ம்'

செழியனின் காதுக்கருவியில் ஓடும் மென்பொருளை நாற்பத்தொரு தன்னார்வலர்கள் வாக்கெடுத்து நடத்திவந்தார்கள். அவன் மனைவி நறுமுகையும் அவர்களில் ஒருத்தி. பழைய கருவிகளைக் கைவிடும் தீர்மானம் இன்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிவிட்டது. ஆறு மணிக்கு அவனுடைய பழைய கருவியும் அடங்கிவிடும்.

"புதுக் கருவி விக்கிறவன்தான் எவனையோ உள்ள நுழைச்சிருக்கான். கண்டுபிடி நறு, விடாத," என்றான் செழியன்.

அவளுக்கும் அதே சந்தேகம்தான். வாக்குப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகத் துருவினாள். எப்போதும் அவளோடு முட்டிக்கொள்ளும் ஓஸ்லோக்காரன்கூட எதிர்த்துத்தான் போட்டிருந்தான். ஆதரவுப் பட்டியலின் கடைசியில் அவள் பெயர் இருந்தது.

"எவனோ என் பேர்ல போட்டிருக்கான்!"

பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஒலிப்பதிவைத் தட்டினாள். காலையில் அவள் தாளித்தபோது கடுகு வெடித்த சத்தம். அவளுக்காக வாக்களிக்கும் உதவிக்குரல் தீர்மானத்தை வாசிக்க வாசிக்க, அவள் வேறேதோ நினைப்பில் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆதரவாகப் பதியட்டுமா?"

"ம்."

மணி ஆறானது. செழியன் காதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "யாருன்னு தெரிஞ்சுதா?" என்று உரக்கக் கேட்டான்.

"ம்," என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை.