பிரிக்கக் கூடாத கவர்

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி தொண்ணூத்தாறு. இப்போ தொண்ணூத்திரண்டு. நடுவுல நாலு மார்க்கை யாரு சார் தின்னது?"

கணக்கு வாத்தியார் நிமிரவில்லை. கையிலிருந்த விடைத்தாளைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் பேனாவை மூடினார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அரை மார்க்'. முழு மார்க் போடக் கை வராத மனிதர் என்பது பள்ளிக்கூடமே அறிந்த சங்கதி.

"கூட்டல்ல தப்பு இருந்துச்சும்மா. திருத்திட்டேன்."

"தப்பு பண்ணினது யாரு?"

"நான்தான்."

"உங்க தப்புக்கு என் பொண்ணு தலையில கை வைப்பீங்களா? போட்ட மார்க்கைத் திரும்ப எடுத்துப் பாருங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

அவள் விடுவதாக இல்லை. மகள் விண்ணப்பிக்கப்போகும் பல்கலைக்கழகம் லேசுப்பட்டதல்ல. ஆயிரம் பேர் போட்டால் பத்துப் பேரை எடுப்பார்கள். கணக்கில் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் நேராகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதற்குக் கீழே போனால், கணக்கு ஆசிரியர் என்ன எழுதித் தருகிறார் என்று பார்ப்பார்கள். ஆக, குடுமி இப்போது இந்த மனிதர் கையில்.

காலையில் மகள் தடுக்கத்தான் தடுத்தாள். "போகாதம்மா. அவரை ஒண்ணும் சொல்லாத." அவள் எப்போதுமே அப்படித்தான், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள்.

"ரெண்டு வருஷமா சினிமான்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டுப் படிச்சிருக்கா சார். நீங்க ஒரே கோட்டுல அழிச்சிட்டீங்க. நல்லா இருங்க!"

"வெளியே ஒரு பத்து நிமிஷம் உட்காருங்கம்மா. கடிதத்தைக் கையோட கொடுத்துடறேன்."

பத்து நிமிடம் இருபதாயிற்று. வந்தவர் ஒரு கவரை நீட்டினார். மேலே பல்கலைக்கழகத்தின் முகவரி. பின்னால் ஒட்டிய இடத்தின் மேல் அவர் கையெழுத்து.

"விண்ணப்பத்தோட சேர்த்து அனுப்பணும். மாணவரோ பெத்தவங்களோ பார்க்கக் கூடாதுங்கிறது விதி. பிரிக்கக் கூடாது."

"ஏன், உள்ளே பாம்பா இருக்கு?"

"பிரிக்கக் கூடாது" என்றார் மறுபடியும். அவள் படியிறங்கும்போது மூன்றாவது தடவையும் சொன்னார்.

அவள் ரெடிமேட் துணிக்கடையில் ஆல்ட்டரேஷன் பார்க்கிறவள். மாடியறையில் அவளும் இஸ்திரி போடும் அக்காவும் மட்டும்தான். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அக்கா, அந்த ஆவிப் பெட்டியைக் கொஞ்சம் குடு."

"எதுக்குடி? துணி எங்கே?"

கவரைக் காட்டினாள்.

"அடிப்பாவி! கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கு!"

"தைச்சதைப் பிரிச்சு, பிரிச்ச தடம் தெரியாம மறுபடி தைக்கிறதுதானே நம்ம பொழப்பு? இது வெறும் பசை."

"உள்ளே நல்லதா எழுதியிருந்தா?"

"ஒட்டிடுவேன்."

"கெட்டதா இருந்தா?"

"இந்தக் கத்தரிக்கோலோட போய் அவர் வாசல்ல நிப்பேன்."

அக்கா கவரை வாங்கித் தானே ஆவியில் காட்டினாள். "நீ பண்ணினா கையெழுத்து கலைஞ்சிடும். ஆவிக்கு என் கைதான் பழக்கம்."

மடிப்பு இலை மாதிரி எழும்பி வந்தது. அவள் கடிதத்தை உருவினாள். முதல் வரியைப் படித்துவிட்டு, கவரைத் திருப்பி முகவரியைப் பார்த்தாள். மறுபடியும் கடிதத்தைப் பார்த்தாள்.

'அம்மாவுக்கு வணக்கம்.

நான் சொன்னதை நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பு உங்கள் மகள் விடைத்தாளோடு என்னிடம் வந்தாள். "சார், எட்டாவது கணக்குக்குப் போட்ட நாலு மார்க்கை ரெண்டு தடவை கூட்டியிருக்கீங்க" என்றாள். எனக்கு அது தெரியவே தெரியாது. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.'

"என்னடி எழுதியிருக்கார்?" என்றாள் அக்கா.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

'உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "எனக்காக அம்மா ரெண்டு வருஷமா லீவே எடுக்கல சார். நானே விட்டுக்கொடுத்தேன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க. உங்களைத் திட்டட்டும் சார். உங்களைத் திட்டினா அவங்களுக்கு ஆறிடும்" என்றாள்.

நீங்களும் இன்று குறை வைக்காமல் திட்டினீர்கள். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் மார்க்கைத் திருத்திய நாளிலிருந்து அவள் வகுப்பில் சரியாகப் பேசுவதில்லை. சரியானதைச் செய்துவிட்டு ஒரு பிள்ளை தன் அம்மாவுக்குப் பயந்து கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.'

"அழுறியா? அப்போ கெட்டதுதான் எழுதியிருக்கான் அந்த ஆளு" என்று அக்கா கத்தரிக்கோலைத் தேடினாள்.

அவள் வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிகளைப் படித்தாள்.

'கவரைத் திரும்ப ஒட்டிச் சிரமப்பட வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கான கடிதத்தை நேற்றே நானே நேராக அனுப்பிவிட்டேன். அவள் கணக்கில் கெட்டிக்காரி என்று அதில் ஒரே ஒரு வரி. மீதி முழுக்க அந்த நாலு மார்க்கைப் பற்றித்தான்.'