சும்மாக்குப்பி

"சும்மாவிலயும் மருந்தை ஊத்தி வச்சிருக்கியே, ஹமீதா!"

வயிரவன் குப்பியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். சைகோன் துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய் பகுதியில் இருந்த அந்த ஆய்வகத்துக்கு அவர்தான் தலைவர். மருந்து சேர்க்காத குப்பிக்கு அங்கிருந்த மூன்று தமிழர்களும் வைத்த பெயர், சும்மா.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை செல்களை என்ன செய்கிறது என்பது சோதனை. ரத்தம் கொடுத்தவரின் சீரத்தையே, அதாவது ரத்தத்தில் பிரியும் தெளிநீரையே, ஊட்டமாக விட்டு அவருடைய செல்களை வளர்ப்பார்கள். அவை சர்க்கரையைத் தின்று பெருகினால் சிவப்புத் திரவம் மஞ்சளாகும். மருந்து பட்டால் சிவப்பாகவே நிற்கும்.

சும்மாவும் சிவப்பாக நின்றது.

"செல்லு செத்திருக்குமோ சார்?"

"உயிரோடதான் இருக்கு. திங்கல, வளரல. அச்சு அசலா மருந்து பட்ட மாதிரி."

"என் கையைக் குத்தி எடுத்த ரத்தம் சார்!" என்றாள் ராக்கம்மை, அங்கே மூத்தவள். "வீணாக்கிட்டா. காரைக்கால்காரிக்கு மனசெல்லாம் வாசல்ல நிக்கிற ஐஸ் காபி வண்டியில!"

ஹமீதா மறுக்க வாயெடுத்தாள். குப்பியைப் பார்த்தாள். ராக்கம்மையைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"ஆமா சார். நான்தான் தப்பா ஊத்திட்டேன்."

வயிரவன் குப்பியை மேசையில் வைத்தார். "உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நேத்துதான் மேலிடத்துல பேசினேன். இனி எந்த முகத்தோட கேக்கிறது? அதை மறந்துடு."

அந்த வேலையை நம்பித்தான், ஊரில் தனியாக இருக்கும் அம்மாவைக் கூட்டிவர நினைத்திருந்தாள் ஹமீதா.

அவர் போனதும் ராக்கம்மை அறைமூலைக் குழாயில் கை கழுவப் போனாள். "ஒத்துக்கிட்டியே, அதுவே பெரிசு. இனியாவது பாத்துச் செய்."

ஹமீதா கதவைச் சாத்தினாள்.

"நான் ஊத்தலைக்கா."

"பின்னே?"

"மருந்து உங்க ரத்தத்தோடயே வந்திருக்கு."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. ராக்கம்மையின் கை அசையவில்லை.

"கிட்னி மாத்தின உடம்புடி இது. அதே மாத்திரையைத் தினம் முழுங்கித்தான் ஓடுது. ரத்தம் தரமாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க. சொன்னா அன்னிக்கே வேலை போயிடும்." "சார்கிட்டச் சொல்லிடுவியா?"

ஹமீதா குழாயை மூடினாள்.

"நாளையிலேருந்து பூஞ்சை வளர்க்கிற அறைக்கு உங்களுக்குப் பதிலா நான் போறேன். அந்தக் காத்து உங்க உடம்புக்கு ஆகாதுக்கா."