எல்லைக் காவல் மணி

"ஐயோ, என்னப்பா இது? எங்களைக் கண்டுதான் மணி அடிக்கினமோ?"

பஸ்ஸை விட்டு இறங்கிய புஸ்பவதி கணவரின் கையைப் பற்றினாள். மலை உச்சிக் கோபுரத்தில் மணி விடாமல் அடித்தது. ஊரின் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"உஷ்! சுற்றுலா வந்த ஆக்கள் மாதிரிச் சிரியும்" என்றார் யோகராசா.

வந்த காரியம் வேறு. கட்டினால் இந்த மலையூர்ச் சால்வோவைத்தான் கட்டுவேன் என்று மகள் சாரங்கா ஒற்றைக்காலில் நிற்கிறாள். நாளைக்கு அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஊரில் விசாரிக்காமல் பெண் கொடுக்கிற வழக்கம் புஸ்பவதியின் பரம்பரையிலேயே கிடையாது. மகளுக்குத் தெரியாமல் இருவரும், இத்தாலியில் தாங்கள் வாழும் பலேர்மோ நகரில் விடிகாலையே பஸ் ஏறிவிட்டார்கள்.

அங்கிருந்த ஒரே கோப்பிக்கடையில் நுழைந்தார்கள். கடைக்காரர் நீனோ சிரித்தார்.

"பயப்படாதீர்கள், சிஞ்ஞோரா. இது பழைய எல்லைக் காவல் ஊர். அந்தக் காலத்தில் வேற்றாள் மலையேறினால் மணியடித்துக் கதவைப் பூட்டுவார்கள். இப்போது மணியடித்தால் வேடிக்கை பார்க்கத் திறக்கிறார்கள்!"

"களவா விசாரிக்க வந்த இடத்திலை மேளம் அடிச்சு வரவேற்கினம்" என்று யோகராசா தமிழில் முணுமுணுத்தார்.

புஸ்பவதி விடவில்லை. தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் மெல்லத் தொடங்கினாள். "சால்வோ என்றொரு பையன்... குடிப்பானா?"

"கல்யாண வீட்டு வைனுக்கே இருமுவான்."

"சூதாட்டம்?"

"சீட்டைத் தொட்டால் அவன் தாய் ரொசாலியா கையை முறித்துவிடுவாள்!"

புஸ்பவதியின் கண்கள் மின்னின. இப்படி ஒன்றைத்தானே அவள் தேடி வந்தாள்.

"கேட்டியளே? தாய் பொல்லாதவளாம்! எங்கட பிள்ளையை வதைச்சுப்போடுவா. வீட்டைக் காட்டச் சொல்லுங்கோ. நேரிலை பாத்திட்டு, வேண்டாமெண்டே சொல்லிப்போடுறன்."

யோகராசா இத்தாலிய மொழியில் ரொசாலியாவின் வீட்டுக்கு வழி கேட்டார்.

"வீடு பூட்டியிருக்கிறதே" என்றார் நீனோ. "ஊரை விட்டு அசையாதவள், இன்று கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு காலைப் பஸ்ஸில் எங்கோ போனாள். மகனுக்குக்கூடச் சொல்லவில்லை."

கைபேசி அலறியது. பலேர்மோவில் அவர்கள் குடியிருக்கும் ஒரேத்தோத் தெருவிலிருந்து பக்கத்து வீட்டு ஸ்ரெல்லா.

"அக்கா, எங்கை நிக்கிறியள்? ரொசாலியாவாம், மலையிலையிருந்து ஒரு மனுசி வந்து, வீடு வீடாத் தட்டி, சாரங்காவின்ரை தாய் பொல்லாதவளோ எண்டு விசாரிக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"