கெடாத கோழி

"ஆசிட் கோழி! கேட்டீங்களா இந்த அநியாயத்தை? மனுஷன் திங்கிற கறியில ஆசிட்டை ஊத்தறான்யா இந்த ஆளு!"

கோழிக்கடை வாசலில் நின்று முழங்கியவர் எதிர்ச்சாரி ஓட்டல் முதலாளி. தெருவில் அவருக்கு மைக்செட் என்று பெயர். வீட்டுக்குள் அவர் ரகசியம் பேசினால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். அவர் வாயைத் திறந்த மறுநிமிடம் கூட்டம் கூடிவிட்டது. கறி வாங்க வந்தவர்கள்கூடப் பையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

கடைக்காரர் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தார். கோழிகளைத் தவிர யாரையும் அதட்டிப் பழக்கமில்லாத மனிதர். "அம்மாடி, நீயே வந்து சொல்லு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

உணவுத் தொழில்நுட்பம் படித்த மகள் கையுறையோடு வெளியே வந்தாள்.

"ஆசிட்னா கக்கூஸ் கழுவறது இல்லீங்க. இது லாக்டிக் அமிலம். தயிர் புளிக்குதே, அந்தப் புளிப்பு. தண்ணியில ரொம்பக் கொஞ்சமாக் கலந்து, வெட்டின கறியை அதுல முக்கி எடுத்து ஃப்ரிட்ஜில வைக்கிறோம். அழுக வைக்கிற கிருமி சீக்கிரம் பெருகாது. கறி இன்னும் கொஞ்ச நாள் கெடாம இருக்கும். அவ்வளவுதான்."

"கறி புளிக்காதா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"அளவு தப்பினாப் புளிக்கும். வெளுத்தும் போகும். ஆரம்பத்துல அப்படித்தான் ஆச்சு. பாவம், அப்பாதான் எல்லாத்தையும் தின்னு பார்த்தாரு."

கடைக்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டார். வெளுத்த கோழி, புளித்த கோழி, ரப்பர் மாதிரி இழுபட்ட கோழி என்று மகளின் தோல்விகள் அத்தனையும் அங்கேதான் அடக்கமாகியிருந்தன. ஆனால் அளவு பிடிபட்டதும், விற்காமல் நாற்றமெடுத்த கறியை மச்சினனிடம் கொடுத்துக் குப்பைக்கு அனுப்புகிற தலைவலி அடியோடு நின்றது. கடை வைத்த நாளிலிருந்து இப்போதுதான் மனிதர் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்.

மைக்செட் மசியவில்லை.

"கோழின்னாக் கெடணும்மா! கெட்டாத்தான் அது கோழி! எங்க காலத்துல கெட்டுப்போற கோழியைத் தின்னுதானே நாங்க வளர்ந்தோம்?"

"அதானே!" என்று இரண்டு பேர் கைதட்டினார்கள். அதன் பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்று யோசித்தார்கள்.

"நீங்க எங்க கடையில ஒரு துண்டு கறி வாங்கினதில்ல. உங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு அக்கறை?" என்றாள் மகள்.

"பொதுநலம்மா, பொதுநலம்!" மைக்செட் மார்பில் அறைந்துகொண்டார். "உணவு ஆய்வாளருக்குப் போன் போட்டாச்சு. வந்துக்கிட்டே இருக்காங்க."

கடைக்காரர் மகளின் காதருகே குனிந்தார். "விட்டுடலாம்மா. கடைக்குச் சீல் வெச்சாங்கன்னா நடுத்தெருதான். அமிலமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"சும்மா இருங்கப்பா."

ஆய்வாளர் அம்மாள் வந்தார். அமிலக் கேனில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். கலந்து வைத்த தண்ணீரில் காகிதத் துண்டை நனைத்து நிறம் பார்த்தார். ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டார். கறியை மூக்கருகே பிடித்து ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். கடைக்காரர் தன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"உணவுல சேர்க்கிற தரம்தான். அளவும் சரியா இருக்கு. எல்லாக் கடையும் இப்படி இருந்தா எனக்கு வேலையே இருக்காது" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் சட்டென்று கட்சி மாறி, பையை விரித்து வரிசையில் நின்றது.

மைக்செட்டின் முகம் ஒரு கணம் தொங்கிப்போனது. மறுகணமே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டார். "தப்பா நெனச்சுட்டேன்யா! மனசுல வெச்சுக்காத. மதியம் குடும்பத்தோட நம்ம ஓட்டலுக்கு வந்துடு. ஆய்வாளரம்மா, நீங்களும்தான்!"

"நான் காசு குடுத்துத்தான் சாப்பிடுவேன்" என்றார் ஆய்வாளர் கறாராக. ஆனால் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவர் அவர்தான்.

கோழி வறுவல் செக்கச்செவேலென்று வந்தது. மசாலா வாசனை ஆளைத் தூக்கியது. கடைக்காரருக்குக் காலையில் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. வெளுத்த கோழியாகத் தின்று நொந்துபோயிருந்த நாக்கு அல்லவா? எலும்பைக்கூட விட்டுவைக்காமல் உறிஞ்சினார். மகள் இரண்டாவது தட்டுக்குக் கை நீட்டினாள். ஆய்வாளர் அம்மாள் விரலைச் சப்பிக்கொண்டே, "என்ன பக்குவம்!" என்றார். மைக்செட் மேசை மேசையாக நடந்து எல்லாருக்கும் அள்ளி அள்ளி வைத்தார்.

மச்சினன் மட்டும் கறியைத் தொடவில்லை. வெறும் ரொட்டியைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, சாமியாராப் போறியா? எடுத்து வெச்சுக்கோ. பகையை மறந்து பாசமாப் போடறாரு மனுஷன்" என்று ஒரு காலை எடுத்து அவன் தட்டில் வைத்தார் கடைக்காரர்.

மச்சினன் தட்டை மெல்ல நகர்த்திவிட்டு, அவர் காதோடு காதாகச் சொன்னான்:

"நீங்க குப்பையில கொட்டச் சொன்ன கறியை நான் ஒரு நாளும் கொட்டினதில்ல மாமா, அத்தனையும் இவருதான் வாங்கிக்கிட்டிருந்தாரு. இப்பதான் நம்ம கறி கெடறதே இல்லையே, அதான் ஃப்ரிட்ஜ் அடியில கிடந்த கடைசி மூட்டையை இன்னிக்கு நமக்கு வறுத்துட்டாரு!"